பட்டை சொன்ன காய்ச்சல்

சென்ற சனிக்கிழமை கருங்கல்லில் என் தங்கை லிசியின் வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். அவள் கணவர் பிராங்ளின் வந்து மெதுவாகச் சொன்னார்: "மச்சான், பிள்ளைக்கு நூத்தி மூணு காட்டுகு."

எது காட்டுகிறது? நாலு வயது அனுவின் கக்கத்தில் ஒட்டியிருந்த ஒரு பட்டை. பிராங்ளின் பொறியியல் கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் வாத்தியார். அவரும் மாணவர்களும் செய்தது. பேட்டரி இல்லை, வயர் இல்லை. செல்போனைப் பக்கத்தில் கொண்டுபோனால் போதும் — போனிடமே மின்சாரம் வாங்கிக்கொண்டு உடம்புச் சூட்டைச் சொல்லிவிடும்.

போன வருஷம் காய்ச்சல் ஏறி அனுவுக்கு வலிப்பு வந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் காய்ச்சல் என்ற சொல்லையே யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

லிசி மகளின் நெற்றியில் கை வைத்தாள். "சூடே இல்லியே. உங்க பட்டைக்கு கோட்டி பிடிச்சிருக்கு."

நானும் தொட்டேன். சுட்டது.

"நீ இப்பம்தான பச்சத் தண்ணில கை கழுவுன... அப்பிடித்தான் இருக்கும் அண்ணா."

நியாயம்தானே? பெற்றவளின் கையை நம்புவதா, பேட்டரிகூட இல்லாத பட்டையை நம்புவதா? செய்தவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. இன்னொரு பட்டையை என் கக்கத்தில் ஒட்டினார். சில நிமிடங்கள் காத்திருந்தோம். அனுவின் கண்கள் செருக ஆரம்பித்தன. போனை நீட்டினார். தொண்ணூற்றெட்டு. என்னுடையதைப் பிரித்து அவளுக்கு ஒட்டினார். மறுபடி காத்திருப்பு...

நூற்றி மூன்று.

"ஏட்டி, பிள்ளைய தூக்கு. போவோம்."

ஆட்டோவில் மூவரும் அனுவின் கை கால்களையே பார்த்துக்கொண்டிருந்தோம் — வெட்டி இழுக்கிறதா என்று.

நல்லவேளை, இழுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, ஈரத் துணியால் துடைத்தார்கள். குழந்தையை வாங்கும்போது லிசியின் கை மேலே பட்டதும் நர்ஸ் நின்றுவிட்டார். "உங்களுக்கும் நல்லா சுடுகே, பாத்தீங்களா?"

பார்த்தார்கள். நூற்றி இரண்டு. தன் உடம்பே கொதித்ததால்தான் மகளின் சூடு அவள் கைக்குத் தெரியவில்லை.

"காலைலயே மேலு வலிச்சிது," என்றாள். "அண்ணன் வருகான், சமைக்காண்டாமா?"

சாயந்திரத்துக்குள் அனுவுக்குக் காய்ச்சல் இறங்கியது. என் மனசுதான் இறங்கவில்லை. மகளுக்குப் பட்டை ஒட்டிய பிராங்ளினுக்கும் சரி, மீன் குழம்பை இரண்டு தடவை கேட்டு வாங்கிய எனக்கும் சரி, லிசியின் முகத்தை ஒரு தடவை ஒழுங்காகப் பார்க்கத் தோன்றவில்லையே.

உங்கள் வீட்டில் எப்படி?