இருட்டுக் கன்னம்

போட்டோ ஸ்டூடியோக்காரர் விளக்கைப் போடுவதற்கு முன்னால் ஆளைப் பேசவிடுவார். ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு, லென்ஸைத் துடைக்கிற சாக்கில் எதிரே நின்றுகொண்டு, "வெளியில வெயில் எப்படி?" என்று ஆரம்பிப்பார். வந்தவர் வெயிலைத் திட்டுவார், பஸ்ஸைத் திட்டுவார், கடைசியில் மைத்துனரில் வந்து நிற்பார். அதற்குள் இவர் முடிவு செய்திருப்பார், எது வெளிச்சக் கன்னம், எது இருட்டுக் கன்னம் என்று. பேசும்போது எல்லாருக்கும் ஒரு கன்னம் கொஞ்சம் பின்தங்கும் என்பது அவர் கட்சி. பின்தங்குகிற கன்னம் இருட்டுக்குப் போகும்.

விளக்கு ஒன்றே ஒன்று. சக்கரம் வைத்த தண்டில் அதை ஒரு பக்கமாக, தலைக்கு மேலே ஏற்றி நிறுத்துவார். மறுபக்கம் ஒரு கறுப்பு அட்டை. சுவரில் பட்டுத் திரும்புகிற வெளிச்சத்தை அது விழுங்கிக்கொள்ளும். மூக்கின் நிழல் கன்னத்து நிழலோடு சேர்ந்து, இருட்டுப் பக்கத்துக் கண்ணுக்குக் கீழே சின்னதாய் ஒரு முக்கோண வெளிச்சம் மிஞ்சும்வரை தண்டை நகர்த்திக்கொண்டே இருப்பார். உட்கார்ந்தவருக்குக் கழுத்து பிடித்துக்கொள்ளும். "ஆச்சு, ஆச்சு. கண்ணுல ஒரு பொட்டு வெளிச்சம் விழட்டும். அது இல்லன்னா ஆளு போய்ச் சேந்த மாதிரி இருக்கும்" என்பார். படம் எடுத்துக்கொள்ள வந்தவரிடம் சொல்கிற வார்த்தையா இது? சொல்லிவிடுவார்.

ஒற்றை விளக்கில் பிழைப்பை ஓட்டுகிறாரே என்று பக்கத்துத் தையல்கடைக்காரர் அவருக்கு வைத்த பெயர் 'கரண்ட் மிச்சம்'. தெருவில் இப்போது அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. அவரும் அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்க்கிறார்.

சும்மா சொல்லக்கூடாது, கைகாரர். வாயைத் திறந்தால் வசவைத் தவிர வேறெதுவும் வராத காண்டிராக்டர் ஒருவர், இவர் எடுத்த படத்தில் உலகத்தையே துறக்க யோசிப்பவராகத் தெரிவார். சீட்டாட்டத்தில் தோற்றுவிட்டு நேராக வந்து உட்கார்ந்த குமாஸ்தாவின் முகத்தில் ஏதோ பெரிய இழப்பைத் தாங்கிக்கொண்ட களை வந்துவிடும். விளக்கை இன்னும் கொஞ்சம் ஏற்றினால் கண்குழிகளில் இருட்டு இறங்கித் துக்கம் கூடும். தாழ்த்தி ஒரு பக்கமாகக் கொண்டுவந்தால் வைராக்கியம். யாரையும் சிரிக்கச் சொல்லமாட்டார். "சிரிப்பு அவங்க கொண்டுவர்றது. மத்ததெல்லாம் நான் போடுறது" என்பார்.

கறுப்பு அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது இத்தனை வருஷமும் அவர் மனைவிதான். காலரைச் சரிசெய்வது, சீப்பை நீட்டுவது, விறைத்து உட்கார்ந்திருப்பவர்களிடம் "மூச்சை விடுங்க, ஒண்ணும் பண்ணமாட்டாரு" என்று சொல்வது எல்லாம் அவள் வேலை. இப்போது அட்டையை ஒரு நாற்காலி தாங்குகிறது.

ஸ்டூடியோவுக்குப் பின்னறைதான் வீடு. அங்கே ஜன்னலோரமாக அவள் உட்கார்ந்திருக்கிறாள். போன மழைக்காலத்தில் ஒரு காலை, பல் தேய்க்கப் போனவள் அப்படியே சாய்ந்தாள். பக்கவாதம். இடது கையும் காலும் விழுந்துவிட்டன. இடது கன்னம் தொங்கிப்போய் வாயோரத்தை அடிக்கடி துடைத்துவிட வேண்டியிருக்கிறது. பேச்சு குழறுகிறது. அறிவு மட்டும் துளிகூட மங்கவில்லை, அதுதான் கொடுமை. "இன்னொரு தடவை வந்தா என் கையில எதுவும் இல்லீங்க" என்று டாக்டர் இருவரையும் எதிரே உட்காரவைத்தே சொல்லிவிட்டார்.

ஒரே மகள் கடல்தாண்டி இருக்கிறாள். அம்மா விழுந்த வாரம்தான் அவளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பச்சை உடம்புக்காரியைக் கலங்கடிக்க வேண்டாம் என்று இவர், "லேசா மயக்கம்தாம்மா, பிரஷர்" என்று சொல்லிவைத்தார். முதலில் சொன்ன பொய் சின்னதுதான். பிறகு மாதக்கணக்கில் அதற்குத் தீனி போட வேண்டியதாயிற்று. வீடியோவில் கூப்பிட்டால், "இங்க சிக்னலே நிக்கலம்மா." அம்மாவிடம் கொடுங்கள் என்றால், "இப்பத்தான் கண்ணசந்தா." கண்ணசந்தவள் எதிரே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

மகளுக்குச் சந்தேகம் தட்டியது. விமான டிக்கெட்டை எடுத்துவிட்டு, "வர்றதுக்கு முன்னாடி அம்மா போட்டோ ஒண்ணு அனுப்புங்கப்பா, மனசு கேக்கல" என்றாள். இருக்கிறபடி ஒன்று எடுத்து அனுப்பியிருக்கலாம். இவருக்கு அப்படி எடுக்கக் கை வராது. மனைவியைத் தாங்கிக்கொண்டுவந்து ஸ்டூலில் உட்காரவைத்தார். விளக்கை அவளுடைய வலப்பக்கம் நிறுத்தினார். இடப்பக்கத்தை அட்டையால் அணைத்து முழுக்க இருட்டில் அமிழ்த்தினார். நரைமயிரின் ஓரத்தில் வெளிச்சம் ஓடியது. நல்ல கண்ணில் பொட்டு விழுந்தது. அவர் வாழ்நாளில் எடுத்ததிலேயே சிறந்த படம் அது. அதைப் பார்த்து, அவளுக்குக் குணமாகிவிட்டது என்று ஒரு நிமிடம் அவரே நம்பினார், பாவி மனிதர்.

படத்தை அனுப்பிய மறுநாள் மகளின் குரல்பதிவு போனில் வந்திருந்தது. மனைவியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, நான் என்னென்னமோ நினைச்சுப் பயந்துட்டேன். அம்மாவைப் பாத்தப்புறம்தான் உயிரே வந்துச்சு. என்னைவிட நல்லா இருக்காங்க. இவங்களுக்கா உடம்பு சரியில்லன்னு உங்க மாப்பிள்ளை கிண்டல் பண்றாரு. பாப்பாவும் சின்னது, அவ்வளவு தூரம் தூக்கிட்டு அலைய வேணாம்னு டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டேன். அடுத்த வருஷம் மூணு பேருமா வரோம்."

மனைவி அழவில்லை. அன்று ஊட்டப்போன கரண்டிக்கு அவள் வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான். மகளையும் பேரக்குழந்தையையும் ஒருதரம் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஒரே ஆசையில்தான் அந்தச் செத்த காலை இழுத்து இழுத்து நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். அடுத்த வருஷத்தை நம்புகிற நிலையில் அவள் இல்லை, அவரும் இல்லை. தான் கற்ற வித்தையை எல்லாம் கொட்டி, தன் கையாலேயே அவர் அந்த வரவைத் தடுத்துவிட்டார்.

தையல்கடைக்காரரிடம் மட்டும் சொன்னார். "நான் ஒழுங்கா போட்டோ எடுக்கத் தெரியாதவனா இருந்திருந்தா, எம்பொண்ணு இந்நேரம் வந்திருப்பாண்ணே."

"போனைப் போட்டு உள்ளதைச் சொல்லிடுங்களேன்."

"இத்தனை மாசமும் ஏமாத்துனேன்னு சொல்லணுமே. அவ அம்மாவைப் பத்தி விசாரிப்பாளா, ஏன் ஏமாத்துனேன்னு என்னைக் கேப்பாளா?"

தையல்கடைக்காரர் மெஷினைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

அதற்குப் பிறகு கடையில் துக்கமான படங்கள் பெருகிவிட்டன. பதவி உயர்வுக்காகப் படம் எடுக்க வந்த ஒருவர் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாருங்க செத்தது?" என்று கேட்டார். இவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மறுபடி எடுத்தார். மறுபடியும் அப்படியேதான் வந்தது. விளக்கைத் தாழ்த்தத்தான் நினைப்பார், கை ஏற்றிவிடும்.

ஆள் வராத ஒரு மத்தியானம், பின்னறையிலிருந்து கால் இழுபடும் சத்தம் கேட்டது. சுவரைப் பிடித்துப் பிடித்து மனைவி தானாகவே வந்துகொண்டிருந்தாள். தாங்கப் போனவரைத் தலையசைத்து நிறுத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"எ...டுங்க."

பழக்கதோஷம், விளக்கை வலப்பக்கம் தள்ளினார், அட்டையை இடப்பக்கம் கொண்டுபோனார். அவள் நல்ல கையை நீட்டி விளக்குத் தண்டைப் பிடித்தாள். இத்தனை வருஷத்தில் அவரைத் தவிர யாரும் தொட்டதில்லை அதை. சக்கரம் கிறீச்சிட, இழுத்துத் தன் முகத்துக்கு நேர் எதிரே கொண்டுவந்து நிறுத்தினாள். தொங்கிய கன்னம், மூடாத கண், ஈரமான வாயோரம் எல்லாவற்றின்மேலும் வெளிச்சம் ஒன்றுபோல் விழுந்தது.

"வேணாம்மா."

"அவ... பாக்...கட்டும்."

அவர் எடுத்தார். எதையும் நகர்த்தாமல், எதையும் மறைக்காமல், அவள் இருந்தபடியே எடுத்தார். கேமராவிலிருந்து படத்தைப் போனுக்கு இறக்கி, மகளின் பெயரைத் திறந்து, படத்தை வைத்தார். அனுப்புவதற்குப் பொத்தானை ஒருமுறை தொட்டால் போதும்.

"அனு...ப்புங்க" என்றாள் ஸ்டூலில் இருந்தவள்.

கட்டைவிரல் கீழே இறங்கியது. பொத்தான்வரை போகவில்லை. படத்தில் தொங்கிக்கொண்டிருந்த கன்னத்தின்மேல் போய்ப் படுத்து, அதை முழுசாக மூடிக்கொண்டது.