பின்பக்கமாக இறங்கிய வெண்டெல்

கோச்சோர் வெண்டெல் காலையில் எங்கள் ஊரான சொம்பத்ஹெயில் பேருந்து ஓட்டுவார். மாலையில் ஊர் மைதானத்தில் சங்கிலிக்குண்டு எறிவார். அவரைப் பெரிய வீரர் என்று சொல்லமாட்டேன். இங்கே இறைச்சிக்கடை வரிசையில் நிற்பவர்களில் ஒருவராவது இளமையில் குண்டைச் சுழற்றியிருப்பார். யாரும் எளிதில் வியப்பதில்லை.

வலிமைக்குக் குறைவில்லை. குண்டு கையை விட்டதும் எறியும் வட்டத்துக்குள் நிற்கத்தான் அவரால் முடியாது. கத்திக்கொண்டே அதன் பின்னால் ஓடிவிடுவார். பயிற்சியில் யாரும் கேட்பதில்லை. போட்டியில், குண்டு விழும்வரை உள்ளே நின்று, வட்டத்தின் பின்பாதி வழியாகத்தான் இறங்க வேண்டும். முன்னால் கால் வைத்தால் சிவப்புக் கொடி. எவ்வளவு தூரம் போயிருந்தாலும் கணக்கில் இல்லை. விட்டபிறகு நாம் செய்ய ஒன்றுமில்லை என்பதை ஏற்பது கடினம்தான். ஆனால் விதி அதைத்தான் கேட்கிறது. வெளிநாட்டில் இரண்டு பெரிய போட்டிகள் முடிந்தும் அவர் பெயருக்கு எதிரே தூரமே பதிவாகவில்லை.

"என்ன வெண்டெல், இந்த வருஷமாவது நம்பர் ஏதாச்சும் உண்டா?" என்று பேருந்தில் சீண்டுவார்கள்.

"கண்ணாடில ஒட்டியிருக்கே, ஆறாம் நம்பர். அது போதாதா?"

வீட்டில் இப்படிப் பேசவில்லை. "இந்தத் தடவையும் ஒண்ணும் பதிவாகலன்னா விட்டுடறேன்," என்று மனைவி இபோயாவிடம் சொல்லிவிட்டார்.

அந்தக் கோடையில் சர்வதேசப் போட்டி எங்கள் ஊருக்கே வந்தது. தகுதிச் சுற்றில் மூன்று வாய்ப்புகள். முதல் குண்டு வட்டத்தைச் சுற்றியுள்ள பாதுகாப்பு வலையில் மோதியது. இரண்டாவது அருமையாகப் பறந்தது; வெண்டெல் கைகளைத் தூக்கிக்கொண்டு முன்பக்கமாக ஓடினார். சிவப்புக் கொடி. அரங்கம் ஐயோ என்றது, உடனே சிரித்தது.

இபோயா கையில் பாதி கடித்த பொகாச்சா ரொட்டியுடன் வேலியருகே வந்தாள்.

"சந்தைத் தெருவுல எதிர்ல பீர் லாரி வந்தா என்ன பண்ணுவ?"

"ரிவர்ஸ் எடுப்பேன்."

"முப்பது பேர வச்சுக்கிட்டு எடுக்கறல்ல? இங்க நீ ஒருத்தன்தான்டா, தடியா!"

மூன்றாவது முறை. நான்கு சுற்று சுழன்று குண்டை விட்டார். "பின்னால! பின்னால!" என்று எங்கள் ஊரே கத்தியது. அவருடைய வலது கால் எழுந்தது. இரு கைகளாலும் தன் காற்சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டார். கால் மறுபடி உள்ளேயே இறங்கியது. குண்டு புல்லில் புதைந்தது. அவர் அசையவில்லை.

"விழுந்தாச்சு சார், இறங்குங்க," என்றார் நடுவர்.

"நிஜமா விழுந்துடுச்சா?"

"நிஜமாத்தான். அடுத்தவர் காத்திருக்கார்."

வெண்டெல் இடது தோளுக்கு மேல் பார்த்தார், வலது தோளுக்கு மேல் பார்த்தார், ஓரக் கண்ணாடிகளைப் பார்ப்பதுபோல. பிறகு ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகர்ந்தார். யாரோ "பீப், பீப்" என்றார்கள். அரங்கம் முழுவதும் பீப் அடித்தது. வெளியே கால் பட்டதும் வெள்ளைக் கொடி உயர்ந்தது.

அறுபத்தெட்டு மீட்டர் நாற்பது. கடைசிக்கு முந்தைய இடம். இபோயா பொகாச்சாவை வாயில் வைத்துக்கொண்டு இரு கைகளையும் தட்டினாள். நானும் தட்டினேன், நன்றாகத்தான் இறங்கினார்.

மறுநாள் காலை பேருந்தின் முன்கண்ணாடியில் ஆறு இல்லை, 68.40 இருந்தது. சந்தைக் கூடையோடு நின்ற ஒரு பெண் ஏறத் தயங்கினாள்.

"இது எங்கப்பா போகுது?"

"எப்பவும் போற இடத்துக்குத்தான்க்கா. இன்னைக்கு முன்னாலயே போறேன், ஏறுங்க."