பொறுங்கக்கா

“பொறுங்க, பொறுங்க. முதல்ல ஒரு வாய் தண்ணி குடிங்க. நான் லைன்லயேதான் இருக்கேன், எங்கயும் போயிடல.”

மறுமுனையில் யாரோ தண்ணீர் குடித்து முடிக்கும்வரை அவர் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு காத்திருக்கிறார். அழைத்தவர் பதற்றத்தில் முதலிலேயே உளறிவிட்ட வங்கியின் பெயர் இதற்குள் துண்டுக் காகிதத்தில் ஏறிப் பக்கத்து மேஜைக்குப் போய்விட்டது. பணத்தை வழியிலேயே மடக்க அங்கே ஒருவர் வங்கியைக் கூப்பிட்டுக் காட்டுக்கத்தலாகக் கத்திக்கொண்டிருக்கிறார். போனுக்குள் நிதானம், மேஜைக்கு இந்தப் பக்கம் ஓட்டம். சைபர் குற்றப் பிரிவு இன்ஸ்பெக்டரான இந்த அம்மாளுக்கு உடன் வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் பொறுங்கக்கா.

“அவசரம்தாங்க இந்த மோசடிக்காரனுங்க முதலீடு. நாம யோசிக்க ஆரம்பிச்சா கடையைச் சாத்திட்டுப் போயிடுவானுங்க” என்று, அவரைப் பற்றி எழுதப் போயிருந்த எனக்கு விளக்கினார்.

லத்தியும் லாக்கப்பும் இல்லாத போலீஸ் அறை அது. சீருடையும் கிடையாது. பொறுங்கக்கா செருப்பை மேஜைக்கடியில் தள்ளிவிட்டு நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். திருடன் ஒரு நாட்டில், அவன் கணக்கு இன்னொரு நாட்டில் என்பதால் பல தேசத்துப் போலீஸாருடன் அவருக்குத் தினமும் பேச்சு உண்டு. யாரையும் நேரில் பார்த்ததில்லை. ஒருவர் இருமல்காரர். இன்னொருவர் பேசும்போது பின்னால் சேவல் கூவும், ஆகவே அவர் சேவல்காரர். “சேவல்காரர் தங்கமானவர். கேட்ட அன்னைக்கே கணக்கை முடக்கிக் குடுத்துடுவாரு. இருமல்காரர்கிட்ட மட்டும் முதல்ல உடம்பை விசாரிக்கணும்.”

கணவர் பஸ் டிரைவர். அவருக்கே ஒருமுறை மோசடி அழைப்பு வந்ததாம். “என் வீட்டுக்காரி சைபர் போலீஸ்டா!” என்று மார்தட்டி, மனைவியின் டியூட்டி நேரம் முதல் மகளின் கல்லூரி வரை ஒப்பித்துவிட்டுத்தான் போனை வைத்திருக்கிறார். “வச்சது சரி. அதுக்குள்ள குடும்ப வரலாறே சொல்லி முடிச்சுட்டாரே மனுஷன்!” என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார் பொறுங்கக்கா. இந்த வேலையில் இருந்துகொண்டு இப்படிச் சிரிக்கிறாரே என்று எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

அன்று முற்பகலில் ஒரு பெண் அழுதுகொண்டே கூப்பிட்டாள். ஓய்வுபெற்ற நர்ஸான அவள் அம்மா படுக்கையறையைப் பூட்டிக்கொண்டு யாருடனோ வீடியோவில் பேசுகிறார். ‘நீங்கள் கைதாகிவிட்டீர்கள், யாரிடமும் பேசக் கூடாது’ என்று எதிரில் ஒரு போலீஸ் அதிகாரி மிரட்டுகிறார். “இருக்கறது முழுக்க அனுப்பணுமா சார்?” என்று அம்மா கேட்டது கதவு வழியே மகள் காதில் விழுந்திருக்கிறது. வங்கியோ, கணக்குக்காரர் சொல்லாமல் நிறுத்த மாட்டோம் என்று கைவிரித்துவிட்டது. பொறுங்கக்கா செருப்பை மாட்டினார். நானும் ஜீப்பில் தொற்றிக்கொண்டேன்.

படுக்கையறைக் கதவைத் தட்டி, “அம்மா, போலீஸ் வந்திருக்கோம்” என்றார்.

“போலீஸ்கிட்டதான் பேசிட்டு இருக்கேன். தொந்தரவு பண்ணாதீங்க!” என்றது உள்ளேயிருந்து குரல். “வெளிய நிக்கறவங்க போலி. திறந்தீங்கன்னா ஜெயில்தான்” என்று போனுக்குள்ளிருந்து ஒருவன் அதட்டினான்.

“உடைச்சுடலாம் மேடம்” என்று மகள் கெஞ்சினாள். “உடைச்சா அவன் சொன்னது நிஜம்னு ஆயிடும்மா” என்று சொல்லிவிட்டுப் பொறுங்கக்கா தரையில் உட்கார்ந்து கதவில் சாய்ந்துகொண்டார்.

“அம்மா, நீங்க திறக்க வேணாம். அந்த சார்கிட்ட பாத்ரூம் போகணும்னு மட்டும் கேளுங்க. விட்டார்னா நான் கிளம்பிடறேன்.”

பாத்ரூம் கூடத்தில் இருந்தது. அவன் விட்டாலும் கதவு திறந்துதான் ஆக வேண்டும் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

உள்ளே அம்மா தயக்கமாக அனுமதி கேட்டார். “நகரக் கூடாது! உட்காருங்க!” என்று அவன் கத்தினான். பிறகு வேறொரு குரல் எழுந்தது, வார்டையே அடக்கி ஆண்ட குரல்.

“கைதி வார்டுல வேலை பார்த்தவடா நான்! கொலைக் கேஸ்ல வந்தவனைக்கூட விலங்கைக் கழட்டி பாத்ரூமுக்கு விடுவாங்க. நீ எந்த ஊர் போலீஸ்டா?”

தாழ்ப்பாள் விலகியது. நர்ஸம்மா யாரையும் பார்க்காமல் விடுவிடுவென்று பாத்ரூமுக்குப் போனார். கட்டிலில் கிடந்த போனில் ஒருவன் மொடமொடப்பான சீருடையில் இன்னும் கத்திக்கொண்டிருந்தான். பொறுங்கக்கா எட்டிப் பார்த்ததும் காணாமல் போனான். பணம் அனுப்ப அவன் சொல்லியிருந்த கணக்கு எண் தலையணை ஓரக் காகிதத்தில் இருந்தது. அதை முடக்கச் சொல்லி உடனே ஆபீஸுக்குச் சொன்னார். பணம் இன்னும் போயிருக்கவில்லை. “படிச்சவங்கதானே, எப்படி…” என்று தொடங்கிய மகளைப் பொறுங்கக்கா கையமர்த்தினார்.

முகம் கழுவிக்கொண்டு வந்த நர்ஸம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீங்க மட்டும் நிஜ போலீஸ்னு நான் எப்படி நம்பறது?”

“அம்மா!” என்று மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள். பொறுங்கக்காவின் முகமோ மலர்ந்துவிட்டது. பையிலிருந்து எடுக்கப் போன அடையாள அட்டையை அங்கேயே விட்டார்.

“இதைத்தாம்மா கேக்கணும். அட்டையெல்லாம் அவனுங்களும் வச்சிருக்கானுங்க. ஸ்டேஷனுக்குப் போன் போட்டு விசாரிங்க. நம்பர் நான் சொல்ல மாட்டேன், நீங்களே தேடி எடுங்க.”

என்னையும் இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வெளியே வந்து, வாசற்கதவைத் தானே இழுத்துச் சாத்தினார்.