தொண்டை கட்டிய தம்பதி

போன வருடம் முதல் மழைக்கு நானும் என் மனைவியும் சேர்ந்தே மாட்டிக்கொண்டோம். தீபாவளித் துணி எடுக்க தி.நகர் போயிருந்தோம். மதியம் வரை மண்டையைப் பிளக்கும் வெயில். ரங்கநாதன் தெருவில் பாதி தூரம் போவதற்குள் இருட்டிக்கொண்டு வந்து கொட்டித் தீர்த்துவிட்டது. தொப்பலாக நனைந்து ஒரு கடைக்குள் ஓடினோம். அவள் ஈரத்தோடு நின்றபடி ஒவ்வொரு புடவையாகப் பிரிக்கச் சொல்லிப் பார்த்தாள். நான் ஏசிக்கு நேர் கீழே ஒரு நாற்காலி காலியாக இருக்கிறதே என்று சந்தோஷமாக உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் காலை காபி கேட்க வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. சமையலறையில் அவளும் எதையோ சொல்ல வந்து, தொண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்று எங்களுக்குள் எல்லாமே ஜாடைதான். புரியாததைப் போனில் தட்டிக் காட்டினோம். கோபமாகத் தட்டும்போது அவளுக்கு எழுத்துப்பிழை அதிகம் வரும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

சாயங்காலம் அபிராமபுரத்திலிருந்து அடையாறில் இருக்கும் டாக்டரிடம் கிளம்பினோம். நல்லவேளை, போனிலேயே ஆட்டோ பிடிக்கலாம், இடத்தை வாயால் சொல்ல வேண்டியதில்லை. தேங்கிய தண்ணீரில் வண்டி ஊர்ந்தது. நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். டிரைவர் கண்ணாடியில் எங்களைக் கவனித்துக்கொண்டே வந்தார்.

"இன்னா சார், வூட்ல சண்டையா?"

இல்லையென்று தலையாட்டினேன். அவர் நம்பவில்லை. தானும் சம்சாரமும் ஒரு வாரம் பேசாமல் இருந்ததையும், கடைசியில் தான்தான் இறங்கிப் போனதையும் விரிவாகச் சொன்னார். பாலம் தாண்டும் வரை எங்களுக்கு இலவச புத்திமதி. பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"நீயாவது வுட்டுக் குடும்மா. சார் மூஞ்சப் பாத்தாலே பாவமா கீது."

அவ்வளவுதான், அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஆனால் சத்தம் வரவில்லை. முந்தானையால் வாயைப் பொத்தி, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தாள். டிரைவர் பதறிப்போய் வண்டியை ஓரங்கட்டினார்.

"பொம்பளய அழ வெக்கிறியே சார், நல்லாவா கீது?"

நான் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். அழுகை எனக்கும் தொண்டையை அடைக்கிறது என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, மெதுவாக வண்டியை எடுத்தார். இறங்கும்போது என் கையைப் பிடித்து ஆறுதலாக அழுத்திவிட்டுப் போனார்.

கிளினிக் முழுக்க இருமல். டாக்டரே மாஸ்க்குக்குள் தும்மிக்கொண்டிருந்தார். வெந்நீர் குடியுங்கள், ஆவி பிடியுங்கள், முக்கியமாகப் பேசாதீர்கள் என்று கரகரத்த குரலில் சொன்னார். திரும்பி வந்து, ஒரே போர்வைக்குள் ஒரே பாத்திரத்தின்மேல் குனிந்து ஆவி பிடித்தோம். அவளுக்கு டிரைவர் ஞாபகம் வந்து மறுபடி சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, பாத்திரம் கவிழாமல் பிடித்துக்கொள்வதே எனக்குப் பெரும்பாடாகிவிட்டது.

குரல் முதலில் அவளுக்குத்தான் திரும்பியது, அதுவும் ஆண் குரலாக. அந்த நேரம் பார்த்து அவள் தங்கை போன் செய்தாள். இவள் ஆசையாக ஹலோ சொன்னதும் அவள் கேட்டாளாம்:

"அத்தான், அக்காகிட்ட குடுங்க."