பெயர்ப் பக்கம் இல்லாமல் போன இதழ்

1. வெள்ளிக்கிழமைக்குள்

அச்சகத்தில் என் ஆறு மாதத் தற்காலிக வேலை முடிய ஐந்து நாள் இருக்கும்போது குணம் அண்ணை என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, இந்தக் குரொவேசியன் புத்தகம் மூண்டு கிழமையாய்க் கிடக்குது. வெள்ளிக்குள்ளை அடிச்சு முடிச்சீரெண்டால் நிரந்தர வேலைக்கு கடிதம் தாறன். இல்லையெண்டால் வேறை ஆள் பாக்கவேணும். புரூஃபிலை கையெழுத்தில்லாமல் மட்டும் பிளேட் போடக்கூடாது, விளங்கிச்சோ?”

“ஓம் அண்ணை.”

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. ஒஸ்லோவில் ஹவுகெட்டோ ஸ்டேஷனுக்குக் கிட்ட இருந்தது அவருடைய சின்ன ஓஃப்செட் அச்சகம். கலியாணக் காட், கோயில் நோட்டீஸ், பீட்சாக் கடை மெனு எல்லாம் அடிப்போம். அவற்றோடு குரொவேசிய மொழியில் ஒரு இடதுசாரி அரசியல் சஞ்சிகையும் அடித்தோம். திருகோணமலையில் இருந்த என் மனைவி சுகந்தியை நோர்வேக்குக் கூப்பிட விண்ணப்பிப்பதற்கு அந்தக் கடிதம் எனக்குக் கட்டாயம் தேவை. இரண்டு வருடமாகத் தொலைபேசியில் மட்டுமே குடும்பம் நடத்திக்கொண்டிருந்தோம்.

கையெழுத்து விஷயம் இதுதான். பிளேட் என்னும் அச்சுத் தகடு செய்வதற்கு முன், புரூஃப் என்னும் சரிபார்ப்புப் படியில் வாடிக்கையாளர் கையெழுத்து வைத்துவிட்டால் அதற்குப் பிறகு வரும் பிழை அவருடையது. வைக்காவிட்டால் எங்களுடையது.

2. எல்லோரும் சமம்

சஞ்சிகையை நடத்தியவர்கள் ஐந்து பேர். தங்கள் நாட்டில் பேராசிரியர், பத்திரிகையாளர் என்று இருந்துவிட்டு வந்தவர்கள். தங்களுக்குள் தலைமை ஆசிரியர் என்று ஒருவர் இருக்கக்கூடாது என்பது அவர்கள் கொள்கை. அவர்களுடைய நோர்வேஜியனும் என்னுடையதும் ஏறக்குறைய ஒரே தரம் என்பதால் ஒருவர் பேசுவது மற்றவருக்கு நன்றாகவே விளங்கியது.

புரூஃபை நீட்டினேன். அவர்களில் தாடிக்கார யோசிப் பேனையை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

“நான் தனிய வைச்சால் நான் தலைவனெண்டு ஆயிடும்.”

“அப்ப அஞ்சு பேரும் வையுங்கோ.”

“ஆர் முதல் வைக்கிறது?”

அதற்கு ஒரு பின்னேரம் போனது. அதற்குள் ஒருவர் கட்டுரைக்கு மற்றவர் மறுப்பு எழுதி, மறுப்புக்கு இன்னொருவர் விளக்கம் எழுதி, முப்பத்திரண்டு பக்கம் முப்பத்துமூன்றாகிவிட்டது. தாளை மடித்து நடுவில் கம்பி அடிக்கும் புத்தகத்தில் பக்கங்கள் நான்கு நான்காகத்தான் கூடும். ஒரு பக்கம் குறைக்கவேண்டும் என்றேன். மூன்று பக்கம் கூட்டுவோம் என்று ஐந்து பேரும் ஒரே நேரத்தில் எழுதத் தொடங்கினார்கள், ஒருவரும் முடிக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது.

வியாழக்கிழமை முன்னாள் பேராசிரியை இவானா என் மை படிந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இதழின் பொருள் தொழிலாளர்கள்.

“நீங்கள் தொழிலாளிதானே?”

“இப்ப தற்காலிகம்தான்.”

உடனே வாக்கெடுப்பு வைத்தார்கள். மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில், கையெழுத்திடும் அதிகாரத்துடன் என்னை ஆறாவது ஆசிரியராக ஆக்கினார்கள். குரொவேசிய மொழி தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு ஒரு சொல்லும் தெரியாது.

3. ஆறாவது ஆசிரியர்

முப்பத்துமூன்று பக்கத்தையும் மேசையில் பரப்பினேன். எனக்கு விளங்கிய பக்கம் ஒன்றே ஒன்று. அதில் ஐந்து ஆசிரியர்களின் பெயர்கள் மட்டும் இருந்தன. பெயரும் புகழும் முதலாளித்துவ வியாதி என்று யோசிப் என் முன்னால் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டேன், முப்பத்திரண்டாகிவிட்டது. கையெழுத்து வைத்தேன், வெள்ளி மத்தியானம் புத்தகத்தை அடித்துக் கட்டி வைத்தேன்.

திங்கட்கிழமை ஐவரும் ஒன்றாக வந்தார்கள். யோசிப் புத்தகத்தை முன்னிருந்து பின்னும் பின்னிருந்து முன்னும் புரட்டினார்.

“எங்கடை பேரெங்கை?”

குணம் அண்ணைக்கு முகம் கறுத்துவிட்டது. “ஆரடாப்பா பக்கத்தை எடுத்தது?”

“ஆசிரியர்.”

“எந்த ஆசிரியர்?”

“நான்தான் அண்ணை.”

அவர் புரூஃபை வாங்கிக் கையெழுத்தைப் பார்த்தார். வாக்கெடுப்பு நடந்ததா என்று ஐவரையும் கேட்டார். ஓம் என்றார்கள்.

“அப்ப அது அவையின்ரை பிழை, எங்கடையில்லை,” என்று எனக்குத் தமிழில் சொல்லிவிட்டு, அந்த இடத்திலேயே வேலைக் கடிதத்தை டைப் அடித்துத் தந்தார். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஐந்து பேரும் கோபப்பட்டதைவிட அதிகமாகக் கவலைப்பட்டார்கள். ஆனாலும் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைப் பொய் சொல்லி மறைக்க முடியாது.

அங்கேயே கூட்டம் போட்டு என்னை ஆசிரியர் குழுவிலிருந்து நீக்கினார்கள். ஐந்து கையும் ஒன்றாக உயர்ந்ததை நான் முதன்முதலாக அன்றுதான் பார்த்தேன். அடுத்த இதழின் முதல் பக்கத்தில் நீக்க அறிவித்தல் வரவேண்டும் என்றார்கள்.

அடுத்த இதழின் புரூஃபைக் கொண்டுபோனேன். கையெழுத்து என்றதும் ஐவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கடைசியில் இவானா பேனையை என் பக்கம் தள்ளினார்.

“இந்த முறை மட்டும்.”

என் நீக்கத்துக்கு நானே கையெழுத்து வைத்தேன்.

அச்சுத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: கையெழுத்தில்லாமல் மிஷினைத் தொடாதீர்கள். கருத்துச் சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள், அதற்குக் கீழே பெயர் போட வரும் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். அந்தச் சஞ்சிகை நின்றுபோகும்வரை அதன் ஒவ்வொரு புரூஃபிலும் கையெழுத்து வைத்தவன் நான்தான். நீக்கப்பட்டவன் எந்தக் காலத்திலும் தலைவனாக முடியாது என்பதில் ஐந்து பேருக்கும் அவ்வளவு நிம்மதி.