அண்ணன் வெட்டிவிட்ட முகத்துவாரம்

அண்ணன் பிறந்ததும் வாழ்ந்ததும் அடையாறு கடலில் சேரும் இடத்துக் குப்பத்தில்தான். அப்பா தவறிய பிறகு படிப்பை விட்டுவிட்டுப் படகு ஏறினார். நான் மயிலாப்பூர் மார்க்கெட்டில் அவர் பிடித்த மீனை விற்றேன். எனக்குக் கல்யாணம் செய்துவைத்துவிட்டுத்தான் அவர் செய்துகொண்டார்.

ஆற்றின் வாயை மணல் மூடிவிடும். மழைக்கு முன் வெட்டிவிடாவிட்டால் ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வரும். கடல் ஏறும் நேரத்தில் வெட்டினால் கடல் வரும். எந்த நாள் வெட்டுவது என்று அண்ணன்தான் சொல்வார். முன்பு அது பெரிய கஷ்டம் இல்லை. இப்போது மழை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. வந்தால் மொத்தமாகக் கொட்டுகிறது. கடலும் முன்பு நின்ற இடத்தில் நிற்கவில்லை. எங்களுக்கு முன்வரிசையில் இருந்த வீடுகளை எடுத்துக்கொண்டது.

ஒரு வருஷம் பெருமழை என்று டிவியில் சொன்னார்கள். அண்ணன் பயந்து, கடல் அதிகம் ஏறும் அமாவாசையிலேயே வெட்டச் சொன்னார். ஆற்று வெள்ளம் கடலைத் தள்ளிவிடும் என்று நினைத்தார். மழை வரவில்லை. வெட்டின வழியாகக் கடல் வந்தது. வலை, அரிசி, அடுப்பு எல்லாம் நனைந்தன.

எதிர்வீட்டில் இருக்கும் அண்ணியின் தம்பி வாசலில் நின்று, "இன்னா மாமா, மழைத்தண்ணிக்கு வழி உடுறேன்னு கடலைக் கூட்டியாந்துட்ட. அதுக்கு எலை போடட்டுமா?" என்று கேட்டார்.

"தப்பு என்னுதுதான்பா" என்றார் அண்ணன். அந்த வீட்டுச் சேற்றை அவரே வாரிக் கொட்டினார்.

அடுத்த வருஷம் நாள் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார். வேறு யாரும் சொல்லவில்லை. ஆறு உள்ளே வந்தது. மாடியில் ஒண்டியிருந்தபோது அண்ணனின் அந்த மச்சான்தான் சொன்னார்: "தப்பாச் சொன்னாலும் சொல்லு மாமா. எல்லாரும் குந்திக்கினு வேடிக்கை பாத்தா இப்படித்தான்."

அதற்குப் பிறகு அண்ணன் ஒவ்வொரு வருஷமும் சொன்னார். சொல்வதற்கு முன் சாப்பிட மாட்டார். வெட்டி முடித்தும் தூங்க மாட்டார்.

போன வருஷம் நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். வெளியே மழை. "தண்ணி கடலுக்குப் போவுதா?" என்று கேட்டார். போகிறது என்றேன். மறுநாள் காலமானார்.

அவரைத் தூக்கிக்கொண்டு ஓடிய பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும், ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்ட நர்ஸம்மாவுக்கும், அண்ணியைத் தனியே விடாமல் கூட இருந்த மார்க்கெட் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது.

இந்த வருஷமும் மணல் மூடிவிட்டது. பொக்லைன் வரும் என்கிறார்கள், இன்னும் வரவில்லை. மேற்கே இருட்டிக்கொண்டே இருக்கிறது. எங்களில் யாருக்கும் நாள் சொல்லத் தைரியம் இல்லை. மச்சான் என்னிடம் வந்து, "நீ சொல்லுக்கா. தப்பாப் போனா மாமாவத் திட்ன மாதிரி உன்னியும் திட்டிக்கிறேன்" என்றார்.

சொல்லிவிட்டேன். வெட்டும் நாள் இன்றுதான். அண்ணனின் திதி அஷ்டமியில் வருகிறது, கடல் அவ்வளவாக ஏறாது. மதியத்துக்கு மேல் இறங்கும். பந்தியைச் சீக்கிரம் வைத்திருக்கிறோம். சாப்பிட்டுவிட்டு ஆண், பெண் எல்லோரும் முகத்துவாரத்துக்கு வாருங்கள். மண்வெட்டியும் மண் அள்ளும் பாண்டும் அங்கே இருக்கின்றன.

இது சரியான நாளா என்று எனக்குத் தெரியாது. தப்பானால் என் வீட்டு வாசலுக்கு வந்து கேளுங்கள்.

தங்கை