ஏத்தத்தில் மட்டும் வந்த சத்தம்

கல்யாணமாகி ஒன்பதாம் நாள், என் சீர் சாமான்களை ஏற்றிக்கொண்டு பெரகலயிலிருந்து நமுனுகுலப் பக்கம் எங்கள் புது வீட்டுக்குப் புறப்பட்டோம். வண்டி அவருடையது. மரக்கறியைப் பதுளைக்குக் கொண்டுபோய் விற்பதற்காக, என்னைப் பெண் பார்க்க வருவதற்கு ஒரு மாதம் முன்னால் வாங்கிய பழைய பெட்ரோல் பிக்கப். இது நடந்த தொண்ணூறுகளின் பாதியிலேயே அதற்கு இருபது வயது இருக்கும். என்னோடு இருந்ததைவிட அதோடு அவருக்கு ஒரு மாதம் அதிகப் பழக்கம்.

ஹப்புத்தளை ஏத்தம் தொடங்கியதும் சத்தம் வந்தது. பால்மா டின்னில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டுகிற மாதிரி, கிணிகிணிகிணி என்று.

“உன் பாத்திரம்தான்” என்றார்.

“அடுக்கினது நீங்கதானே” என்றேன்.

முதல் வளைவில் நிறுத்தி, இட்லிச் சட்டியை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். சத்தம் நிற்கவில்லை. அடுத்த வளைவில் எவர்சில்வர் வாளி வந்தது. அதற்கடுத்த வளைவில் இரண்டு குடம். பாதி மலை ஏறுவதற்குள் எனக்கு முன்னால் ரோடே தெரியவில்லை. பின்னால் மிச்சம் இருந்தது மெத்தையும் துணிப்பெட்டியும்தான். சத்தம் அப்படியே இருந்தது.

“மெத்தையாங்க கிணிகிணின்னுது?” என்று குடத்துக்கு மேலாக எட்டிக் கேட்டேன்.

அவர் வண்டியை ஓரம் கட்டி, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தார். அதுவரை என்னிடம் ‘சாப்பிட்டியா’, ‘தூங்கினியா’ என்பதற்கு மேல் பேசாத மனிதர். அவர் சிரிப்பதைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்து, மடியில் இருந்த பாத்திரமெல்லாம் குலுங்கியது. ரோட்டில் போன பஸ்ஸிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

நான் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சர். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே, பின்னால் எந்தப் பிள்ளை பென்சிலால் மேசையைத் தட்டுகிறது என்று திரும்பாமல் சொல்லிவிடுவேன். அந்தக் காதை வண்டிக்குக் கொடுத்தேன். ஒரு வாரம் பள்ளிக்கூடம் விட்டதும் அவரோடு ஏறிக்கொண்டு கேட்டேன். இறக்கத்தில் சத்தம் இல்லை. சமதரையில் இல்லை. ஏத்தத்தில், பெரிய கியரில், அவர் காலை அழுத்தினால் மட்டும் வரும். காலை எடுத்தால் அந்த நொடியே நிற்கும்.

பதுளையில் அவருக்குப் பழக்கமான கராஜ் ஒன்று இருந்தது. அதை நடத்திய சிங்கள மெக்கானிக்கை எல்லோரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

“டீச்சர் சொல்றது சரி. இன்ஜின் நொக் அடிக்குது. நீ இவ்வளவு நாள் என்ன கேட்டது?”

“நான் பாத்திரம்னு நெனச்சேன் பாஸ்.”

பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்கு முன்பே பெட்ரோல் பற்றிக்கொள்கிறது, இரண்டும் பாதி வழியில் முட்டிக்கொள்கின்றன என்று பாஸ் இரண்டு கையையும் மோதிக் காட்டினார். ரேடியேட்டரைப் பார்த்தார், வண்டி சூடாகவில்லை. நல்ல பெட்ரோல் ஊற்றி ஓட்டிப் பார்க்கச் சொன்னார்; சத்தம் கொஞ்சம் குறைந்தது. பிறகு லைட் பிடித்து டைமிங்கைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். நல்லா இழுக்கட்டும் என்று, முன்பு வண்டியை வைத்திருந்தவர் யாரோ, பொறி விழும் நேரத்தை வைக்கிற டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி வைத்திருந்தாராம். பொறி நேரத்துக்கு முன்னாலேயே விழுந்துகொண்டிருந்தது.

பாஸ் அதைத் திருப்பினார். சரிபார்க்க டவுனுக்கு வெளியே ஒரு ஏத்தத்துக்குப் போனோம். சத்தம் இல்லை. ஆனால் வண்டியும் ஏறவில்லை. தேயிலைக் கொழுந்துச் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு போன இரண்டு அக்காமார் எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒருவர் திரும்பிப் பார்த்து, “சாக்கை ஏத்திக்கிறீங்களா, இல்ல உங்கள நாங்க ஏத்திக்கவா?” என்று கேட்டார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். என் வீட்டுக்காரர் ஜன்னலை மேலே ஏற்றினார்.

திரும்பி வந்ததும் பாஸ் பாதி தூரம் மறுபடி திருப்பினார். இப்போது வண்டி இழுத்தது. “இன்னும் ரெண்டு கிணி இருக்கு பாஸ்” என்றேன். அவர் ஒரு தரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஆமாம் என்றார்.

உள்ளே கரி பிடித்திருக்கிறது என்று சொல்லி, இன்ஜினை நன்றாக உறுமவிட்டு, கார்ப்பரேட்டர் வாயில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். இன்ஜினுக்குள் தண்ணீர் விடுவதைப் பார்த்து என் வீட்டுக்காரர் தலையில் கைவைத்தார். என்ன நடக்கிறது என்று பார்க்க சைலன்சருக்குப் பின்னால் போய்க் குனிந்தார். முதலில் வெள்ளையாக ஆவி வந்தது. பிறகு வண்டி ஒரு இருமல் இரும, இருபது வருஷத்துக் கரி மொத்தமும் அவருடைய கல்யாணத்து வெள்ளைச் சட்டையில் வந்து விழுந்தது. நிமிர்ந்தபோது கண்ணும் பல்லும் மட்டும்தான் தெரிந்தன. பாஸ் தண்ணீர்ப் போத்தலைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தே விட்டார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

“சரி, ஏறு” என்றார் அவர், கறுப்பு முகத்தோடு.

பதுளையைத் தாண்டி வீட்டுப் பக்கம் ஏத்தம் தொடங்கியது. பெரிய கியரில் காலை அழுத்தினார். நான் கண்ணை மூடிக் கேட்டேன். தண்ணீர் ஓடுகிற மாதிரி ஓடியது இன்ஜின். அவர் என்னைப் பார்க்க, நான் அவரைப் பார்க்க, எங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழியைத் தாண்டிப் போய்விட்டோம். இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை. மலை உச்சி வரை போய்த் திரும்பி வந்து, மறுபடியும் ஏறினோம். மூன்றாம் முறை ஏறும்போது நான் சொன்னேன், “ஏங்க, இப்ப சத்தமே சுத்தமா இல்லீங்க.”

“பாஸ் கைன்னா சும்மாவா” என்றார். அதற்குள் வண்டி மெல்ல மெல்ல நின்றுவிட்டது. பெட்ரோல் தீர்ந்து போயிருந்தது.

ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, தேயிலைக்கு நடுவே அப்படியே உட்கார்ந்திருந்தோம். அவர் முகத்துக் கரியைத் துடைக்க என் கைக்குட்டையைக் கொடுத்தேன். துடைக்கத் துடைக்கப் பரவியது. சிரித்து முடித்து இறங்கி நடக்க எங்களுக்கு வெகுநேரம் ஆனது.